அடுப்படிக்குக் கீழே கிணறு

குருபோங்
9-11-1943

அன்புத் தங்கை ருக்மணிக்கு,

ஏழு வயதில் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். வீட்டுப் பின்புறத்தில் இருந்த கிணற்றை அப்பா மூடிக்கொண்டிருந்தார். என் விரலைப் பிடித்துக்கொண்டு, "கிணத்தை மூடிட்டா அது எங்கண்ணா போவும்?" என்றாய். நான் வாத்தியார் வேலையில் சேர்ந்த புதிது. எல்லாவற்றுக்கும் பதில் தெரியும் என்ற நினைப்பு. "எங்கேயும் போகாது, தரையாகிவிடும்" என்றேன். அதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தப்பு. முப்பத்திரண்டு வருடம் கழித்துத் திருத்துகிறேன்.

நான் நலம். மழை வந்தால் முழங்கால் மட்டும் முனகுகிறது. ரப்பர் தோட்டத்து ஓரமாக மரவள்ளி போட்டிருக்கிறேன். காலையில் மரவள்ளி, மாலையில் அதன் மிச்சம். நீயும் கோகிலாவும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று பொன்னம்மாவைக் கேட்டேன். "அதேதான் சார், வேற என்னா" என்றாள். தபாலில் போட்டால் பிரித்துப் படிக்கிறார்கள். அதனால் இதை அவளுடைய கீரைக் கூடையில் வைத்து அனுப்புகிறேன். செவ்வாயும் வெள்ளியும் அவள் காஜா பேராங் வருகிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

மே மாதத்திலிருந்து மூன்று கடிதம் எழுதிவிட்டேன். நீ பதில் போடவில்லை. ஏன் என்பது எனக்குத் தெரியும். ரேஷன் அரிசிக்கு என்று சொல்லி, ஜப்பான்காரர்கள் இங்கேயும் காஜா பேராங்கிலும் வீடு வீடாகப் பெயர், வயது, உடல்நிலை எழுதித் தரச் சொன்னார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று என்னைப் பிடித்தார்கள். வகுப்புப் பதிவேடு எழுதுவதுபோல ஒரு வயதுகூடப் பிசகாமல் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் சயாம் ரயில் வேலைக்கு ஆறு பேரை லோரியில் ஏற்றினார்கள். ஏழாவது பெயர் உன் வீட்டுக்காரர் மருதமுத்துவுடையது. மாப்பிள்ளை மட்டும் தப்பிவிட்டார். அந்த ஆறு பேரில் ஒருவன் பொன்னம்மாவின் புருஷன் நல்லையா. அவள் என்மேல் கோபம் வைக்கவில்லை. "அரிசிக்குன்னுதானே சார் எழுதினீங்க" என்கிறாள். உன்னிடம் அதை எதிர்பார்க்கவில்லை.

இப்போது எழுதுவது வேறு விஷயம். "அக்கா வீட்டு அடுப்படிக் கதவு சாத்த வரல சார், ஆசாரி வந்து அடியைச் சீவிட்டுப் போனாரு" என்று பொன்னம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை.

அப்பா அந்தக் கிணற்றை மண்ணால் மூடவில்லை. தேங்காய் மட்டை, காற்றில் விழுந்த தென்னைமரம், உடைந்த ஓடு, கைக்குக் கிடைத்ததெல்லாம் போட்டார். மேலே நாலடிக்கு மட்டும் களிமண் கொட்டி இடித்தார். பத்து வருடம் கழித்து அதன்மேல்தான் அடுப்படியை நீட்டிக் கட்டினோம். மட்டை மக்கும், மக்கினால் சுருங்கும். அரிசி மூட்டையின் அடியில் எலி ஓட்டை போட்டதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? உள்ளே இருந்து அரிசி ஒழுகிக்கொண்டே இருக்கும்; மேலே பார்த்தால் மூட்டை நிறைந்தே இருக்கும். மேல் அரிசி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வளைவாக நிற்கும். பிறகு ஒரு பிடி சரிந்தால் எல்லாம் சரியும்.

தரையில் விரிசல் இருக்கிறதா, அது நேராக இருக்கிறதா அல்லது உடைந்த வளையல் துண்டுபோல வளைந்திருக்கிறதா என்று மட்டும் எழுது. என்னை மன்னிக்க வேண்டாம். கதவைப் பற்றி எழுதினால் போதும்.

உன் அண்ணன்,
கலியாணசுந்தரம்


காஜா பேராங்
12-11-1943

அண்ணாவுக்கு,

பதில் போடக்கூடாது என்றுதான் இருந்தேன். "மாமா கேட்டது கதவைப் பத்தித்தானேம்மா" என்று கோகிலா சொன்னாள். அதனால் கதவைப் பற்றி மட்டும்.

மழையில் மரம் ஊதியிருக்கிறது. எல்லார் வீட்டிலும் ஊதும். அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவே விரிசல் இருக்கிறது. நேராக இல்லை, வளைந்துதான் போகிறது. முன்பு தரை கழுவினால் தண்ணீர் சாக்கடைக்கு ஓடும். இப்போது அம்மி பக்கம் வந்ததும் காணாமல் போய்விடுகிறது. துடைக்கிற வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் நானும் கோகிலாவும்தான். அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் உங்களிடம் சொல்லமாட்டேன். பெயர், வயது, உடல்நிலை என்று மூன்று கட்டம் போட்டு அழகாக எழுதிவிடுவீர்கள்.

நான் ஒன்று கேட்கிறேன். ஆறு மாதமாக இல்லாத அக்கறை இது. என் அடுப்படியைப் பற்றி விசாரிக்கச் சொல்லி உங்களிடம் யாராவது சொன்னார்களா?

ருக்மணி


குருபோங்
16-11-1943

அன்புத் தங்கை ருக்மணிக்கு,

யாரும் சொல்லவில்லை. நீ கேட்டதில் தப்பும் இல்லை.

தண்ணீர் காணாமல் போகிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நாலு முறை படித்தேன். தண்ணீர் சும்மா போவதில்லை ருக்மணி. போகும்போது ஒரு சிட்டிகை மண்ணையும் கூட்டிக்கொண்டு போகிறது. நீ தினமும் தரை கழுவுகிறாய், தினமும் ஒரு சிட்டிகை. இந்த மாத மழைக்குக் கூரைத் தண்ணீரும் அங்கேதான் இறங்கும்.

போன மாதம் இங்கே சாலையில் ஒன்று நடந்தது. குறுக்கே போகும் பழைய மடை எங்கோ உடைந்து, வருடக்கணக்காக மண்ணை விழுங்கியிருக்கிறது. மேலே தார் மட்டும் மூடிபோல நின்றது. அன்று காலையில் மூன்று மாட்டுவண்டி அதன்மேல் போயின, ஒன்றும் ஆகவில்லை. பிறகு காலி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு சீனக் கிழவர் வந்தார். அவர் கால் வைத்ததும் சாலை உள்ளே போயிற்று. இடுப்புவரைக்கும் போனவரை நாங்கள் இழுத்து எடுத்தோம். "மூணு வண்டி போச்சு, நான் மட்டும் என்னா பாவம் பண்ணேன்" என்று மலாயில் கேட்டுக்கொண்டே இருந்தார். கனமாக இருப்பவன்மேல்தான் விழும் என்பதில்லை. அதன் நேரம் வரும்போது மேலே யார் இருக்கிறாரோ அவர்.

இனி எழுதப்போவதைப் படித்ததும் இந்தத் தாளை எரித்துவிடு. பொன்னம்மாவிடம் நீ வாரம் இரண்டு கட்டு புகையிலை வாங்குகிறாய். நீ புகையிலை போடுவதில்லை. கோகிலாவுக்குப் பன்னிரண்டு வயது. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் அத்தனை பேரும் வெளியே வந்துவிடுங்கள். மழை ஓயும்வரை கிளேபாங்கில் சித்தி வீட்டுக்குப் போய்விடுங்கள்.

அண்ணன்,
கலியாணசுந்தரம்


காஜா பேராங்
16-11-1943

அண்ணாவுக்கு,

பொன்னம்மா வாசலில் காத்திருக்கிறாள். அவசரமாக எழுதுகிறேன். புகையிலையை எண்ணிப் பார்க்கிற ஆள் நீங்கள் என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்று.

சரி, தெரிந்துகொண்டீர்கள். அவர் இங்கேதான் இருக்கிறார். பூட்ஸ் சத்தம் கேட்டால் அடுப்படிக்குக் கீழே இறங்கிவிடுவார். விறகு அடுக்கியிருக்கிற இடத்தில் பலகை, பலகைக்குக் கீழே குழி. ஜூன் மாதம் அவரே தோண்டினார். முதல் நாலடி கடப்பாரைக்கே அசையவில்லை. அதற்குக் கீழே கையாலேயே அள்ளினாராம். "உங்கப்பன் வீட்டு மண்ணு புட்டு மாதிரி இருக்கு புள்ள" என்று சிரித்தார். கறுப்பாக, உமிபோல வந்தது. கூடை கூடையாக நான்தான் மரவள்ளிப் பாத்தியில் கொட்டினேன். போன வாரம் இரண்டு முறை வந்து தேடினார்கள், அதனால் இப்போது பகல் முழுவதும் அங்கேதான் படுத்திருக்கிறார்.

நீங்கள் வீட்டைவிட்டு வெளியே வா என்கிறீர்கள். கிளேபாங் போகிற வழியில் பாலத்தருகே செக்போஸ்ட் இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியாதா? உங்களை எழுதச் சொன்னவர்களுக்குத் தெரியாதா? தெருவில் வைத்துப் பிடிப்பது வீட்டைத் தோண்டுவதைவிடச் சுலபம்.

உங்களை நம்பினால் அவர் பாலத்தில் மாட்டுவார். நம்பாவிட்டால் தரை விழும் என்கிறீர்கள். அரிசிக்கு என்று சொன்னால் நம்புகிற ஆள் நீங்கள். நான் எதை வைத்து உங்களை நம்பட்டும்?

ருக்மணி


குருபோங்
17-11-1943

ருக்மணிக்கு,

வெள்ளிவரை காத்திருக்க முடியாது. இன்றைக்கே போ என்று பொன்னம்மாவைக் கெஞ்சினேன். "கூடையில கீரை இல்லாம போனா செக்போஸ்ட்டுல கேப்பான் சார்" என்றாள். என் பாத்தியிலிருந்து மரவள்ளித் தழையை ஒடித்து அவள் கூடையை நிரப்பினேன்.

மாப்பிள்ளை தோண்டியது மண் இல்லை. அது கிணறு. மேலே நாலடிக் களிமண் ஒன்றுதான் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் நடுவில் வெட்டி எடுத்துவிட்டார். புட்டுபோல வந்தது மக்கிய மட்டை. அதற்குக் கீழே பதினைந்தடிக்கு என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவர் ஒரு மூடியின்மேல் படுத்திருக்கிறார்.

வீட்டைவிட்டு வெளியே வர வேண்டாம். அது என் தப்பு, செக்போஸ்ட்டை யோசிக்காமல் எழுதிவிட்டேன். அடுப்படியைவிட்டு வந்தால் போதும். உள்கதவைக் கழற்றித் தரையில் படுக்கப் போடு. அவர் அதன்மேல் தவழ்ந்து வரட்டும், நிற்க வேண்டாம். முன்கூடத்துப் பரணில் ஏறிக்கொள்ளட்டும். நீங்கள் இருவரும் அடுப்படிக்குள் போகாதீர்கள்.

எதை வைத்து நம்புவது என்று கேட்டாய். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.

அந்தப் பட்டியலை எழுத இரண்டு நாள் ஆயிற்று. முதல் நாள் அரிசிக்கு என்றுதான் நினைத்தேன். அன்று மாலை ஆபிஸில் கணக்கு எழுதும் கிராணி கணேசமூர்த்தி தாளை வாங்கிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, "இவ்ளோ அழகா எழுதாதீங்க சார். அரிசி குடுக்க ஒடம்பு எப்படின்னு எதுக்குக் கேப்பாங்க?" என்றான். எனக்குப் புரிந்துவிட்டது. அப்போது ஒன்பது வீடு பாக்கி. அதில் நம் வீடு ஒன்று. பொன்னம்மா வீடு ஒன்று. முப்பத்தொன்றை ஐம்பத்தொன்று என்று எழுதியிருக்கலாம். காசநோய் என்று போட்டிருக்கலாம். தப்பாக எழுதினால் எழுதியவன் தலை போகும் என்று சொல்லியிருந்தார்கள். மறுநாள் உட்கார்ந்து ஒன்பது வீட்டையும் உள்ளது உள்ளபடி எழுதினேன். பயந்துவிட்டேன் ருக்மணி. பயத்துக்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன். இத்தனை மாதமாக எல்லாரும் என்னை ஏமாந்தவன் என்று நினைக்கிறார்கள். நானும் நினைக்கவிட்டேன்.

உன்னை ஏமாற்ற வருகிறவன் தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்வான். இதை எழுதச் சொல்லி யாரும் என்னை அனுப்பமாட்டார்கள். என்னை நம்பாதே. தரையைப் பற்றி மட்டும் நம்பு. இதைப் படித்து முடித்ததும் அவரை மேலே கூப்பிடு.

கலியாணசுந்தரம்


காஜா பேராங்
19-11-1943

அண்ணாவுக்கு,

அவர் உயிரோடு இருக்கிறார். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப்போடப் பார்த்தேன். அவர் கீழே இருந்து வாங்கிப் படித்தார். தாளை மடித்து என்னிடம் நீட்டினார். பிறகு, "பொய் சொல்றவன் இதைச் சொல்லமாட்டான் புள்ள. கதவைக் கழட்டு" என்றார். பாதி தூரம் தவழ்ந்து வரும்போது கதவுக்கு அடியில் தரை ஊஞ்சல்போல ஒரு முறை அசைந்தது. கோகிலா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவளை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மதியம் மழை. மூன்றரை மணிக்கு நான் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். இடி மாதிரி சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை. குதிரில் நெல் இறங்குவதுபோல அடுப்பு இறங்கிற்று. விறகு இறங்கிற்று. அம்மி ஒரு பக்கம் சாய்ந்து கொஞ்சம் நின்றது, பிறகு அதுவும் போயிற்று. எல்லாம் போன பிறகுதான் கீழே தண்ணீரில் விழுகிற சத்தம் வந்தது. அவருடைய பாய், தட்டு, புகையிலை டின் எல்லாம் அதோடு போய்விட்டன.

கம்பத்து ஜனமெல்லாம் கூடிவிட்டது. கூட்டத்தைப் பார்த்து ஆபிஸ்காரன் ஒருவனும் வந்தான். குழியை எட்டிப் பார்த்து, "இங்க யாராச்சும் இருந்தாங்களா?" என்று கேட்டான். "அடுப்புதான் இருந்துச்சு" என்றேன். அவன் என் தலைக்குமேல் பரணைப் பார்த்தான். அங்கே அவர் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார். கோகிலா சட்டென்று, "எங்கம்மா அம்மி போச்சு, இனிமே சாம்பல் எப்படி அரைப்போம்?" என்று அழ ஆரம்பித்தாள். சாம்பலை யாராவது அரைப்பார்களா? மிளகாய் அரைக்கிற சம்பாலைத்தான் பயத்தில் அப்படிச் சொல்லிவிட்டாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவர் இன்று விடியற்காலை கிளம்பிவிட்டார். எங்கே என்று எழுதமாட்டேன்.

தரையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அப்படியானால் மற்றதும் சரியாகத்தான் இருக்கும்.

அந்தக் கடிதத்தைக் கொடுக்கும்போது பொன்னம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "சார் ராத்திரி பூரா தூங்கல அக்கா. உங்க மேல அவ்ளோ பாசம்" என்றாள். அவள் புருஷன் போன கதையை அவளே தலையில் சுமந்துகொண்டு வந்து என் கையில் கொடுத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். அவள் குடிக்கும்போது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் அவளிடம் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. அவளிடமும் மற்ற ஐந்து வீட்டிலும் நீங்கள் போய்ச் சொல்லுங்கள். சொல்லும்வரை இந்த வாசலுக்கு வரவேண்டாம். சொன்ன பிறகு வரலாமா என்று கேட்காதீர்கள். அது எனக்கே தெரியவில்லை.

குழியைத் தேங்காய் மட்டை போட்டு மூடிவிடலாம் என்கிறார்கள். அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

ருக்மணி


குருபோங்
24-11-1943

அன்புத் தங்கை ருக்மணிக்கு,

இதை விறகு வண்டிக்காரர் கருப்பையா கொண்டுவருவார். பொன்னம்மா இனி என் கடிதங்களைச் சுமக்கமாட்டாள்.

வெள்ளிக்கிழமை உன் கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் கிளம்பும்போது, உட்கார் என்றேன். "உக்காந்தா எந்திரிக்க முடியாது சார், நின்னுக்கிட்டே கேக்கறேன்" என்றாள். உனக்கு எழுதியதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கூடையின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு வயசு என்னா போட்டீங்க?" என்று கேட்டாள்.

"முப்பத்தொன்று."

"ஒடம்பு?"

"நல்ல திடம் என்று."

"சரியாத்தான் போட்டிருக்கீங்க" என்றாள்.

பிறகு கூடையில் மிச்சமிருந்த மரவள்ளித் தழையை, நான் ஒடித்துப் போட்டதுதான், ஒவ்வொரு காம்பாக எடுத்து என் வாசலில் வைத்தாள். காலிக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். நேற்று செவ்வாய்க்கிழமை. இந்தப் பக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காஜா பேராங் வந்தேன். உன் வாசல் பக்கம் வராமல் பின்தெருவால் போனேன். மூன்று வீட்டில் சொல்லிவிட்டேன். முதல் வீட்டில் பாதியிலேயே கதவைச் சாத்திவிட்டார்கள். மிச்சத்தைக் கதவிடம் சொன்னேன். இரண்டாவது வீட்டில் ஒருவன் என்மேல் துப்பினான். மூன்றாவது வீட்டில் அந்தப் பெண் முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போனாள். அரிவாளோடு வருவாள் என்று நினைத்தேன். ஒரு தாளோடு வந்தாள். "சயாமுக்குக் கடுதாசி போவுதாம். எழுதத் தெரிஞ்சவங்க இங்க யாருமில்ல" என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தேன். கடைசியில் என் கையெழுத்தைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றாள். அதைத் தாங்குவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. இன்னும் இரண்டு வீடு இருக்கிறது. இந்த ஞாயிறு போவேன். அதற்குப் பிறகு வரலாமா என்று நான் கேட்கமாட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். மட்டை வேண்டாம். மரம், தழை, குப்பை, மக்குகிற எதுவும் வேண்டாம். விளிம்பு இன்னும் சரியும், அதனால் முதல் கல்லைத் தள்ளுவதற்கு முன் விளிம்பிலிருந்து ஆறடி தள்ளிப் பலகை போடச் சொல். அடியில் தலையளவு கல், அதன்மேல் கையளவு கல், பிறகு ஜல்லி, பிறகு செம்மண். இடிந்த சுவர் எங்கே இருந்தாலும் கேட்டு வாங்கு. இந்த ஊரில் இப்போது அதற்குப் பஞ்சமில்லை. ஒரு நாளில் முடிக்க நினைக்காதே. சீக்கிரம் மூட வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள், பார்க்கிறவர்களுக்குக் குழி கண்ணை உறுத்தும். அவர்கள் பேச்சைக் கேட்காதே. மாதம் இரண்டு ஆனாலும் பரவாயில்லை.

செம்மண் தரைக்கு இரண்டடி கீழே வந்ததும், ஒவ்வொரு சாண் உயரத்துக்கும் நன்றாக இடிக்கச் சொல். இடித்து முடித்ததும் இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றைக் கூடத்துத் தூணில் முடிந்துகொண்டு, வெறுங்காலோடு அதன்மேல் நின்று பார். குதிகால் அமிழ்ந்தால் அடுத்த சாண் மண்ணைப் போடாதே.

அண்ணன்,
கலியாணசுந்தரம்